ஒன்பதுக்கு ஒன்பது

நாச்சிமுத்து சாருக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு வயது முப்பத்துநான்கு. சார் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பெயர் பிரமிளா.

சார் வாழ்நாளில் ஒரு பந்தை உதைத்தவர் இல்லை. கால்பந்து அணியோடு வெளியூர் போக ஓர் ஆள் வேண்டும் என்று தலைமையாசிரியை அந்த வேலையை அவர் தலையில் கட்டிவிட்டார். போவதுதான் போகிறோம், விளையாட்டைத் தெரிந்துகொண்டே போவோம் என்று ஒரு சாயங்காலம் அவர் மைதானத்துக்குப் போய், ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்டார்.

பிரமிளா எதிர் கோலுக்குப் பக்கத்தில் சாரைக் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே காவலுக்கு நின்ற பிள்ளைகளை நடு மைதானத்துக்கு ஓடச் சொன்னார். கோல்கீப்பரும் சாரும் மட்டும் தனியாக நின்றார்கள். பந்து சாரின் காலடிக்கு வந்த நொடியில் விசில் ஊதினார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் சாருக்கு ஆஃப்சைடு புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து அவர் சிஷ்யர். தினமும் ஒரு கேள்வியோடு வருவார். ஓர் அணிக்குக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்று ஒரு நாள் கேட்டார். பிரமிளா ஒரு பக்கத்து ஆட்டக்காரிகளை ஒவ்வொருவராக வெளியே கூப்பிட்டு உட்காரவைத்தார். எட்டு பேரானபோதும் ஆட்டம் நடந்தது. ஏழு பேரானபோதும் நடந்தது. ஆறாகக் குறைந்ததும்தான் விசில் கேட்டது. சார் தலையாட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அந்த வருஷம் வட்டாரப் போட்டி வந்தது. தோற்றால் வெளியே போகும் நாக்அவுட் முறை. அட்டவணை போடும் வேலையை, கணக்கு வாத்தியார்தானே என்று போட்டிக் குழு சாரிடம் கொடுத்தது. மொத்தம் எட்டுப் பள்ளிகள். எட்டு நாலாகும், நாலு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். மிச்சமே விழாத எண். அதைப் பார்க்கவே சாருக்கு ஆசையாக இருந்தது. சீட்டுக் குலுக்கி, யாருக்கு யார் எதிர் என்று எழுதியும் ஆயிற்று.

அதற்கப்புறம் ஆட்டக்காரிகளின் பெயர்கள் வந்தன. மலைமேல் இருக்கும் நெல்லிமட்டம் எஸ்டேட் பள்ளி ஒன்பது பெயர்கள்தான் அனுப்பியிருந்தது. பதினொரு பெயர் கட்டாயம் என்று சுற்றறிக்கை சொன்னது. சார் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்தார். படி குறைந்த கணக்கை அவர் அப்படித்தான் அடிப்பார். அடித்த பிறகுதான் பார்த்தார், அந்தப் பெயருக்கு எதிரே இருந்தது அவருடைய பள்ளி.

எதிராளி இல்லாமலே அடுத்த சுற்றுக்குப் போவதை விளையாட்டுக்காரர்கள் 'பை' என்பார்கள். நாச்சிமுத்து சாரின் பிள்ளைகளுக்கு பை கிடைத்துவிட்டது. மற்றவர்கள் ஓடி விழுந்து வியர்க்கிற வாரத்தில் அவர்கள் சும்மா இருந்துவிட்டு நேராக அரையிறுதிக்குப் போகலாம்.

மற்ற பள்ளி ஆசிரியர்கள் விடுவார்களா. எதிராளியை நாச்சிமுத்து பேனாவாலேயே ஜெயித்துவிட்டார் என்று டீக்கடை வரைக்கும் பேச்சு போனது. மறுபடி சீட்டுக் குலுக்கலாம் என்று சார் குழுவிடம் கெஞ்சிப் பார்த்தார். அட்டவணை அச்சாகிவிட்டது என்று அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். யாருக்கும் அரை மார்க் கூட்டியோ குறைத்தோ போட்டறியாத மனிதர் அவர். சோறு இறங்கவில்லை.

பிரமிளா பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது சார் வந்து எல்லாவற்றையும் கொட்டினார். எல்லோரும் எல்லோரோடும் ஆடுகிற லீக் முறையாக இருந்தால் ஆடாமலே ஜெயித்தார்கள் என்ற பேச்சு வந்திருக்காது. ஆனால் அத்தனை ஆட்டத்துக்கு நாளுக்கும் மைதானத்துக்கும் எங்கே போவது. இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்று வைக்கலாம். அதற்கும் நாள் போதாது. பை கிடைத்தால் பிள்ளைகளின் கால் கொப்புளம் ஆறும் என்று தலைமையாசிரியை சந்தோஷப்படுகிறார். ஆடாமல் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார்.

"பை நல்லதுங்களா, கெட்டதுங்களா டீச்சர்?"

பிரமிளா பந்தை அமுக்கிப் பார்த்தார். "உங்களுக்கு அது வேண்டாமா சார்?"

"திருப்பிக் குடுத்துட்டா நிம்மதிங்க. யாருகிட்டக் குடுக்கறதுன்னுதான் தெரியலை."

"சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வந்துடுங்க சார். கேன்வாஸ் ஷூ போட்டுட்டு வாங்க."

சனிக்கிழமை மற்ற ஆறு பள்ளிகளுக்கும் முதல் சுற்று. குழுத் தலைவர் வீட்டுக்குத்தான் குரு கூட்டிப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு சார் தேய்த்த சட்டையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அங்கே அணி முழுக்க ஜெர்சியில் நின்றது. பிரமிளாவின் தோளில் பந்துகள் தொங்கின. பஸ் ஊரைத் தாண்டி மலைப்பாதையில் ஏறியது. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே சாருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

தேயிலை எடை போடும் கொட்டகைக்குப் பின்னால் கொஞ்சம் சமமான இடம் இருந்தது. அதுதான் மைதானம். கோலுக்கு மூங்கில் நட்டிருந்தார்கள். ஒரு ஓரத்தில் பந்து தவறினால் தேயிலைச் சரிவில் இறங்கி ஓடும். வெளுத்த நீல ஜெர்சி போட்ட பெண்கள் வரிசையாக நின்றார்கள். பிரமிளா முன்னாடியே போன் பண்ணியிருந்திருக்கிறார்.

அணியின் தலைவி எஸ்தர் என்ற பத்தாம் வகுப்புப் பெண். அவள் நேராக சாரிடம் வந்து வணக்கம் சொன்னாள். அங்கே விளையாட்டு ஆசிரியர் கிடையாது. பெரியவர் ஒருவர் வந்தால் அவரிடம்தான் கேட்க வேண்டும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

"எங்க பேரை எதுக்கு சார் அடிச்சுட்டாங்க?"

சார் சுற்றறிக்கையைத் துணைக்கு இழுத்தார். "பதினோரு பேரு இருக்கணும்னு ரூலும்மா. நீங்க ஒம்பது பேருதான் குடுத்திருந்தீங்க."

"எங்க ஸ்கூல்ல ஒம்பதாவது, பத்தாவது ரெண்டுலயும் சேர்த்து மொத்தமே ஒம்பது பொண்ணுங்கதான் சார். ஒருத்தி விடாம எல்லாரும் சேர்ந்துட்டோம்."

அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். சாரின் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. அத்தனை பேரில் ஓர் அணியைத் திரட்டுவதற்குள் பிரமிளாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். காலமெல்லாம் விடைத்தாள் திருத்தியவருக்கு ஒன்பதுக்கு ஒன்பது என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. சிவப்புப் பேனா இருந்த சட்டைப்பையை அவர் கையால் மூடிக்கொண்டார்.

ஒன்பது பேருக்கு எதிராக எத்தனை பேரை இறக்குவது என்று பிரமிளா சாரைக் கேட்டார். ஒன்பதுதான் நியாயம் என்றார் சார். எஸ்தர் குறுக்கிட்டாள்.

"வேண்டாம் சார், பதினோரு பேரும் ஆடட்டும். இவ்வளவு தூரம் வந்துட்டு ரெண்டு பேரு வெளிய உக்காந்தா பாவம்."

பிரமிளா தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி சாரின் கழுத்தில் மாட்டினார். சார் ஊதினார்.

ஆட்டம் தொடங்கியதுமே கீழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கியது. மலைப்பிள்ளைகளுக்கு மூச்சு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. அவர்களுடைய கோல்கீப்பர் நடு மைதானம் வரை வந்து பந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடுவாள். பந்து சரிவில் இறங்கினால் யார் பக்கத்தில் இருக்கிறாளோ அவள் செடிகளுக்கு நடுவே குதித்து எடுத்துவருவாள். முதல் கோல் எஸ்தர் போட்டாள். சாரின் அணித்தலைவி மதுமிதா அதற்குப் பதில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் எஸ்டேட் பெண்கள் இன்னொன்று போட்டார்கள்.

முடியப்போகும் நேரத்தில் மதுமிதா மறுபடி பந்தை மூங்கில்களுக்கு நடுவே தள்ளினாள். பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அப்போது விசில் கேட்டது. பந்தை அவளுக்குத் தட்டிவிட்டபோதே அவளுக்கும் கோலுக்கும் நடுவில் கோல்கீப்பர் மட்டும்தான் இருந்ததை சார் பார்த்திருந்தார். ஒரு காலத்தில் அவரே நின்ற இடம் அது.

"ஆஃப்சைடு" என்றார். பிள்ளைகளின் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னார்.

இரண்டுக்கு ஒன்று என்று எஸ்டேட் பள்ளி ஜெயித்தது. கொட்டகையில் எல்லோருக்கும் கடுங்காப்பி கொடுத்தார்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒருத்தி தலைக்கு ஒருத்தி கிளிப் மாற்றிக்கொண்டிருந்தார்கள். சார் எஸ்தரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க பேரை அடிச்சது நான்தாம்மா."

அவள் அவரையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று சார் காத்திருந்தார். கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"அடுத்த வருஷம் கட்டாயம் சேர்த்துக்கறேன்" என்றார்.

"அடுத்த வருஷம் பத்தாவது முடிச்சவங்க போயிடுவோம் சார். இப்ப எட்டாவதுல பொண்ணுங்களே இல்லை. ஆறு பேருதான் இருப்பாங்க."

ஆறு பேர் என்றால் என்னவென்று சாருக்கு மைதானத்தில் பாடம் நடந்திருக்கிறது. கையிலிருந்த காப்பி ஆறிப்போனது.

சாயங்கால பஸ் இறங்கத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். மதுமிதா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். சார் அட்டவணையை எடுத்து முழங்காலில் விரித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார். அடித்த பெயரை மேலே மறுபடி எழுதினார். பஸ் ஆடிய ஆட்டத்தில் எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் கோணிக்கொண்டது. பக்கத்தில் இரண்டு, ஒன்று என்று கோல்களையும் எழுதினார். தன் பள்ளியின் பெயருக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

திங்கட்கிழமை போய், மேட்ச் நடந்தது, தோற்றுவிட்டோம், அரையிறுதிக்கு அவர்களைக் கூப்பிடுங்கள் என்று குழுவிடம் சொல்லப்போவதாக அவர் பிரமிளாவிடம் மெல்லச் சொன்னார்.

"ஒத்துக்கலைன்னா சார்?"

"நாங்க வரலைன்னு எழுதிக் குடுத்துடுவேன்."

"அப்ப அரையிறுதியில எதிர் டீமுக்கு பை கிடைச்சுடும்."

சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படியானால் ஒத்துக்கொள்ளும்வரை குழுத் தலைவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட வேண்டியதுதான் என்றார். அப்புறம் பின்னால் திரும்பிப் பார்த்து, பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று கேட்டார்.

ஜன்னல் பக்கமிருந்து பதில் வந்தது. மதுமிதா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தோத்தது எங்களுக்குத் தெரியாதா சார். நம்ம பேரை அடிச்சுடுங்க. ஆனா அவங்க அரையிறுதி ஆடறப்ப எங்களைக் கூட்டிட்டுப் போகணும்."

சார் எழுந்து போய் அவள் தலையில் கை வைத்துவிட்டு வந்தார். மறுபடி உட்கார்ந்து தன் பள்ளியின் பெயர்மேல் ஒரு கோடு இழுத்தார். இந்த முறை மெதுவாகத்தான் இழுத்தார்.

அடிவாரம் வந்து பஸ் நேரான சாலையில் ஓடியபோது அவருக்கு ஞாபகம் வந்தது.

"டீச்சர், பை நல்லதா கெட்டதான்னு நீங்க கடைசி வரைக்கும் சொல்லவே இல்லைங்களே."

பிரமிளா அட்டவணையை வாங்கிப் பார்த்தார். கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மடித்து, அதை சாரின் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"திருத்தறதுக்கு நமக்கு ஒரு வாரம் கிடைச்சுது சார். மத்த ஆறு ஸ்கூலுக்கும் அது கிடைக்கலை."