ஐந்தாவது தட்டு

"என் கையில எதுவும் அப்படியே நிக்க மாட்டேங்குது, மேடம்" என்றார் தவசிமுத்து.

அவருக்கு ஐம்பது வயது. இருபத்திரண்டு வருடம் மதுரையில் இதய டாக்டராக இருந்தவர். அடைப்பை எடுத்துவிடலாம், செத்துப்போன தசையை எழுப்ப முடியாது என்று நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லி ஒருநாள் அவருக்கே தாங்கவில்லை. கிளினிக்கை மூடிவிட்டு, கோவைக்கு வெளியே இருந்த அந்த ஆய்வுக்கூடத்துக்கு மாணவராக வந்தார்.

அங்கே அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஜமீலாவுக்கு வயது முப்பத்தைந்து. அதிகம் பேசமாட்டார்.

அங்கே வளர்த்தவை மனிதக் கருவின் ஸ்டெம் செல்கள். குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்த ஒரு தம்பதி, பிள்ளை பிறந்த பிறகு, மீதமிருந்த கருவை ஆராய்ச்சிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஐந்து நாள் கரு. அதன் செல் எலும்பாகலாம், நரம்பாகலாம், எதுவும் ஆகலாம்.

எதுவும் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் தவசிமுத்துவின் வேலை.

தினமும் தட்டுகளில் செல்களுக்கு உணவான பழைய ஊட்டநீரை எடுத்துவிட்டுப் புதிதை ஊற்ற வேண்டும். எந்தத் தட்டில் செல்கள் உருமாறத் தொடங்குகின்றனவோ, அந்தத் தட்டைக் கொட்டிவிட வேண்டும்.

மூன்று மாதமாக அவர் கொட்டிக்கொண்டே இருந்தார்.

ஜமீலா அவருடைய தட்டுகளைப் பார்த்தார். அன்று கொட்டுவதற்காக ஒதுக்கியிருந்ததில் ஒன்றை எடுத்து, மூடியில் தவசிமுத்துவின் பெயரை எழுதினார். இதைக் கொட்ட வேண்டாம், மாறுகிறபடி மாறட்டும், ஊட்டநீர் மட்டும் மாற்றினால் போதும் என்றார்.

எத்தனை நாளைக்கு என்று கேட்டார் தவசிமுத்து.

"நீங்களே என்னைக் கூப்பிடற வரைக்கும்."

பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் வழக்கம்போல் தட்டுகளைச் சோதித்தார். நான்கில் செல்கள் உருமாறத் தொடங்கியிருந்தன. கொட்டினார். பிறகு தன் பெயர் எழுதிய ஐந்தாவது தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்.

ஒரு மூலையில், கடுகை விடச் சிறிய திட்டு ஒன்று அசைந்தது.

மேசை ஆடுகிறது என்று நினைத்தார். இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்தார். மூச்சை அடக்கினார்.

மறுபடியும் அசைந்தது. சுருங்கி, விரிந்து, சற்று நின்று, சுருங்கியது.

எத்தனையோ இதயங்களைத் திரையில் பார்த்தவர் அவர். இதைச் சுற்றி உடம்பே இல்லை.

ஜமீலா வந்தபோது அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

ஜமீலா குனிந்து பார்த்தார். நிமிஷத்துக்கு எத்தனை என்று மட்டும் கேட்டார்.

"முப்பத்தெட்டு."

சொன்ன பிறகுதான் தன் விரல்கள் தன் மணிக்கட்டையே பிடித்திருப்பதைத் தவசிமுத்து கவனித்தார்.

எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளச் சொன்னார் ஜமீலா. குறித்தார்.

பிறகு ஜமீலா, கொட்டுமுன் செல்களைக் கொல்ல ஊற்றும் பிளீச் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இந்தத் தட்டோட வேலை முடிஞ்சுது. கொட்டிடுங்க."

தவசிமுத்து பாட்டிலின் மூடியைத் திறந்தார். தட்டைப் பார்த்தார். மறுபடி மூடினார்.

இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே என்றார். தன் அடுக்கிலேயே ஓரமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஊட்டநீர் வீணாகும் என்றால் மற்றதில் குறைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"என்னால முடியாது, மேடம்."

"காலையில நாலு தட்டு கொட்டினீங்களே, டாக்டர்."

"அதெல்லாம் துடிக்கல."

ஜமீலா மேசைக்கடியில் இருந்த கழிவு வாளியைப் பார்த்தார்.

"அதையெல்லாம் எத்தனை நாள் விட்டுப் பார்த்தீங்க?"

தவசிமுத்து பாட்டிலை மேசையில் வைத்தார். தரையில் மண்டியிட்டு, காலையில் நாலு தட்டையும் கொட்டிய அந்தக் கழிவு வாளியின் மூடியைத் திறந்தார்.