காட்டெருமைகளின் திடீர் மரியாதை

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், கோடை வந்தால் பக்கத்தில் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் இருக்கும். அதை விட்டால் மலைக்கு அப்பால் ஒரு சுனை.

அந்தக் காட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. நோய் எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் பரவுகிறது என்று பார்ப்பது அதன் வேலை. தினமும் காலையில் ஓடி ஓடி எல்லோரிடமும் கேட்கும்: "யாருக்காவது வாயில் புண்ணா? குளம்பில் வலியா?" பதில் கிடைத்தாலும் அதற்கு மனம் ஆறாது. பாதி வழி போய்த் திரும்பி வந்து, "நிச்சயமாக இல்லையே?" என்று மறுபடி கேட்கும்.

புண் வந்த கூட்டம், அது ஆறும்வரை தூரத்துச் சுனையில்தான் குடிக்க வேண்டும். போன கோடையில் பன்றிகள் உண்மையைச் சொல்லிவிட்டுச் சுனைக்குப் போயின. ஆறித் திரும்பிய பிறகும், "எச்சில் வாய்க் கூட்டம் வருகிறது, விலகுங்கள்" என்று காடே கேலி செய்தது. அன்று எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் காட்டெருமைத் தலைவர் கருங்குன்றர்.

இந்தக் கோடையில் ஒரு கடமான் குருவியிடம் வந்தது.

"குருவியக்கா, நாளைக்கு என் பிள்ளையைக் குளத்துக்கு அழைத்து வரலாமா? சுனைவரை நடக்க அதன் கால் தாங்காது. ஆனால் அந்தப் புண் வந்தால் பிஞ்சுகள் பிழைக்காது என்கிறார்களே."

"விசாரித்துச் சொல்கிறேன்" என்று குருவி காட்டெருமைகளிடம் ஓடியது.

"ஐயா, உங்கள் பிள்ளைகளுக்கு எச்சில் ஒழுகுகிறதே?"

"புல்லைப் பார்த்தால் வாய் ஊறாதா?" என்றார் கருங்குன்றர்.

"அதோ, உங்கள் கூட்டத்தில் ஒருவர் நொண்டுகிறாரே?"

"அது புது நடை. உனக்குப் புரியாது."

"நிச்சயமாக நோய் இல்லையே?"

"யாருக்காவது நோய் வந்தால்தான் உனக்குப் பொழுது போகும். எங்கள் கூட்டத்தில் அந்தப் பேச்சே கிடையாது. போ."

குருவிக்குக் கவலையாகிவிட்டது. உறுதியாகத் தெரியாமல் நோய் என்று சொல்வது தவறு. சும்மா இருந்தால் குட்டிக்கு ஆபத்து. யோசித்து யோசித்து, மாலையில் எல்லோரையும் உப்பு மண் மேட்டுக்கு அழைத்தது. மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, "ஐயா, வழக்கம்போல நீங்கள்தான் முதலில்" என்றது.

உப்பு மண் என்றால் காட்டெருமைகள் எல்லோரையும் முட்டித் தள்ளிவிட்டு முன்னால் நிற்கும். அன்று ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.

"பரவாயில்லை. இன்றைக்கு மான்கள் முதலில் சாப்பிடட்டும். பாவம், சின்னவர்கள்" என்றார் கருங்குன்றர்.

"பன்றிகள் சாப்பிட்டாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான்" என்றது இன்னொரு எருமை.

"என்னை முட்டிப் பள்ளத்தில் தள்ளியவர் இவர்தானா?" என்று ஒரு பன்றி பக்கத்துப் பன்றியிடம் கேட்டது.

"ஒரே ஒரு வாய், ஐயா" என்றது குருவி.

கருங்குன்றர் நாக்கை நீட்டினார். மண்ணில் படுவதற்கு முன்பே உள்ளே இழுத்துக்கொண்டார். "இன்றைக்கு எனக்கு உப்பில் நாட்டமில்லை."

அப்போது கடமான் மெல்லக் கேட்டது: "ஐயா, நாளைக்கு என் பிள்ளை உங்கள் பக்கத்தில் நின்று தண்ணீர் குடிக்கலாமா? நீங்கள் சரி என்றால் அழைத்து வருகிறேன்."

தூரத்தில் குட்டி தன் நிழலைத் தாண்டித் தாண்டி விளையாடிக்கொண்டிருந்தது. கருங்குன்றர் அதையே பார்த்தார்.

"வேண்டாம் அம்மா. என் வாயெல்லாம் புண்" என்றார்.

"குளத்தில் எந்தத் துறையில் குடித்தீர்கள்?" என்று குருவி கேட்டது.

"மேற்குத் துறையில் மட்டும்தான்."

"அங்கே இனி யாரும் போகாதீர்கள். பிள்ளையைக் கிழக்குக் கரைக்கு அழைத்து வா, கடமானே."

காட்டெருமைகள் தலை குனிந்து சுனைக்குப் புறப்பட்டன. இப்போது சிரிப்பார்கள் என்று அவை காத்திருந்தன. பன்றிகளுக்கும் சிரிக்க ஆசைதான். ஆனால் மூத்த பன்றி, "நிழல் வழியாகப் போங்கள். மற்ற வழியில் கல் குத்தும், எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னது.

உண்மையைச் சொன்ன கூட்டத்துக்கு இளந்தளிர் பறித்துப் போடுவது என்று அன்றே முடிவானது. கடமான் குட்டி மறுநாள் கிழக்குக் கரையில் வயிறு நிறையக் குடித்தது.

அதற்குப் பிறகு குருவி கேட்கும் முன்பே பதில்கள் வந்தன. ஒரு நாள் குரங்கு நொண்டிக்கொண்டு வந்து, "அக்கா, எனக்குக் குளம்பு வலி. தளிர் எங்கே?" என்றது.

"தருகிறேன் தம்பி. முதலில் குளம்பைக் காட்டு" என்றது குருவி.

நீதி: நோயைச் சொன்னவரைக் கேலி செய்தால், அடுத்தவர் மறைப்பார், மறைத்த நோய் எல்லோரையும் தேடி வரும்.