எண்பத்தைந்து

முதலில் அந்த இசைத் துணுக்கு கேட்டது. பழைய கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது இசைக்குமே, அது. திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. நடுவில் ஒரு சின்னக் கட்டம். அதில் ஆங்கிலத்தில்: வரம்புக்கு வெளியே.

"பாத்தியளா? புதுத் திரை இத ஏத்துக்கிட மாட்டேங்கு," என்றார் அந்தோணிப்பிச்சை. "பதினேழு வருசத்துப் பெட்டி. எடைக்குப் போட்டுருங்க."

"எடைக்குப் போடுறதுன்னா உம்மையும் சேத்துல்லா போடணும்? உமக்கு என்ன வயசு?" என்றாள் பேச்சித்தாய்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு அடித்துக் கொடுப்பவள். அவளுடைய குண்டுத் திரை நேற்றுப் புகைந்துபோக, காலையில்தான் புதிய தட்டைத் திரை வாங்கியிருந்தாள். சாலையை அகலப்படுத்த இடிக்கப்போகிற நாற்பத்தொரு வீடுகளின் ஆட்சேபணை மனு பெட்டிக்குள் பாதியில் நின்றது. ஐந்து மணியோடு கெடு முடிகிறது. வேறு கம்ப்யூட்டரில் திறந்தால், அந்தக் காலத்து எழுத்துரு இல்லாமல் எல்லாம் பூச்சி பூச்சியாய்த் தெரிந்தது.

அந்தோணிப்பிச்சைக்கு ஐம்பத்தாறு. மில்லில் கணக்கு முடித்து அனுப்பிய பிறகு, தன்னைவிட இருபது வயது சின்னவளான நஜ்முன்னிசாவின் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் தொழில் கற்கிறார். டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

நஜ்முன்னிசா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"செத்தது பாடுமா?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"பேச்சியக்கா, பழைய திரையில படம் நடுங்குமா?"

"முதல்ல நடுங்கும். கண்ணு வலிக்குன்னேன். ஒருத்தர் எண்பத்தஞ்சுன்னு ஏதோ வச்சுக் குடுத்தாரு. நின்னுட்டு."

நஜ்முன்னிசா கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். இசை வருவதற்குள் விசைப்பலகையின் மேல்வரிசையில் ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு பட்டியல் வந்தது. அதில் குறைந்த தரத்தில் திரையைத் திறக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். எழுத்தெல்லாம் தடிதடியாக, ஆனால் தெளிவாக, திரை விடிந்தது.

பேச்சித்தாய் மூச்சு விட்டாள்.

"வினாடிக்கு எண்பத்தஞ்சு தடவை படம் வரையச் சொல்லுது உங்க பெட்டி. இந்தத் திரைக்கு எழுபத்தஞ்சுக்கு மேல கை ஓடாது," என்றாள் நஜ்முன்னிசா.

"கை ஓடலைன்னா அதைச் சொல்ல வேண்டியதுதான? நம்மள எதுக்கு வரம்புக்கு வெளியங்குது? இதுக்கு நம்ம தாலுகா ஆபீஸ்லயே வேலை குடுக்கலாம்," என்றாள் பேச்சித்தாய்.

நஜ்முன்னிசா அந்த எண்பத்தைந்தை அறுபதாக்கப் போனாள். அந்தோணிப்பிச்சை சட்டென்று சுட்டெலியின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"வேண்டாம் டீச்சரம்மா."

"ஏன்?"

"மில்லுல என்னையும் இப்படித்தான் சொன்னான். புது மிஷினுக்கு நீ ஆக மாட்டேன்னான். இங்க முடியாதது புதுத் திரைக்குத்தான? முடியாதவனுக்காக முடியுறவன் எதுக்குக் குனியணும்?"



"மணி மூணே கால்," என்றாள் நஜ்முன்னிசா. "அஞ்சுக்குள்ள நாப்பத்தொரு வீடு வாயத் திறக்கணும். எண்பத்தஞ்சை யாரும் புடுங்கிட்டுப் போகல அண்ணாச்சி, அது உள்ளதான் இருக்கு. தாங்குற திரை வரட்டும், காட்டிருவோம். இப்ப கையை எடுங்க."

அவர் கையை எடுத்தார். நஜ்முன்னிசா அறுபதை வைத்தாள்.

பேச்சித்தாய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இருபத்து மூன்றாம் வீட்டிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள்.