முதல் செய்தி

தனுஷ்கோடி சார் அந்தக் கல்லூரியில் பதினான்கு வருடமாகத் தற்காலிக ஆசிரியர். நிரந்தரம் ஆக்குகிறோம் என்று சொன்னவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். அவர் கணினி ஆய்வகத்திலேயே இருந்தார்.

ஜெசிந்தாவுக்கு நெட்வொர்க் செய்முறைத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. போன முறை தோற்றாள். வேலை உத்தரவு வந்துவிட்டது. நாளை தேறினால்தான் அது செல்லும்.

சிமுலேட்டரைத் திறந்து காட்டினாள். வயர் கிடையாது, பெட்டி கிடையாது. எல்லாம் திரையில் வரைந்த கணினிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நான்கு செய்தி அனுப்பினாள். நான்கும் போய்ச் சேர்ந்தன.

"நான் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை அனுப்பிப் பார்த்துட்டியா?" என்றார் சார்.

அவள் தலை குனிந்தாள்.

"உன் செட்டுப் பசங்க மொத்தமும் இதைத்தான் செய்யுது. பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு வீடு கூட்டி வைக்கிற மாதிரி."

"முதல் தடவை அனுப்பினா முதல் செய்தி மட்டும் செத்துப்போகுது சார். பதினோரு தடவை அழிச்சுக் கட்டிட்டேன். தப்பு எங்கன்னே தெரியல."

சார் திரையிலிருந்த எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போட்டார். நேரத்தை மெதுவாக்கும் பொத்தானைத் தட்டினார்.

"இப்ப அனுப்பு. ஒவ்வொரு அடியா."

செய்தி ஒரு சின்ன உறையாகக் கிளம்பி, வழி பார்த்து அனுப்பும் ரூட்டரிடம் வந்து நின்றது. ரூட்டருக்குத் தெரு தெரியும், வீடு தெரியாது. உறையைக் கீழே போட்டது. பிறகு அந்தத் தெருவிலிருந்த ஆறு கணினிகளையும் கேட்டது: இந்த முகவரி யாருடையது? ஐந்து பேசாமல் இருந்தன. ஆறாவது பதில் அனுப்பியது. ரூட்டர் குறித்துக்கொண்டது.

இரண்டாவது உறை எங்கும் நிற்காமல் போனது.

ஜெசிந்தா தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டாள்.

"நிஜ வயர்லயும் இப்படித்தானா சார்?"

"இப்படித்தான். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். இங்க வர்றதுக்கு முன்னாடி ஆறு வருஷம் வயர் இழுத்தவன் நான். இந்தத் திரையிலதான் முதன்முதலா கண்ணால பார்த்தேன். அன்னைக்குச் சாப்பிடப் போகல."

அவள் கீழே விழுந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு எக்ஸாமினர் முன்னாடி இது விழுந்தா, போன தடவை மாதிரியே ஆயிடும் சார்."

"விழட்டும். மத்த மூணுக்கும் வீடு கேட்டு வச்சது யாருன்னு அவரைக் கேளு."

ஜெசிந்தா எல்லாவற்றையும் மறுபடி அணைத்துப் போட்டாள்.