எந்தக் கால், சார்?

நோயாளிகளின் மருத்துவக் குறிப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய கோட் எண்ணைப் போடுகிற கம்பெனி அது, திருச்சியில். அங்கே, போட்ட எண்களைச் சரிபார்க்கிற ஆடிட்டர் சிதம்பரநாதன் சார் வைத்ததுதான் சட்டம். இருபது வருஷ அனுபவம் என்பதால், குறிப்பைப் படிக்கிற பழக்கத்தை அவர் எப்போதோ விட்டிருந்தார்.

சேர்ந்து மூன்றே மாதமான செசிலியை அன்று எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தார்.

"ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டுச்சுன்னா, அது கால்லதான் வரும். நீ என்னம்மா, கல்லீரலுக்குப் போற போர்ட்டல் வெயின்ல போட்டு வெச்சிருக்கே?"

"ஸ்கேன்ல அப்படித்தான் சார் இருக்கு."

"நான் பார்க்காத ஸ்கேனா? காலுக்கு மாத்து. இல்லேன்னா மூணாவது தப்புன்னு எழுதிடுவேன். நாளைலேர்ந்து நீ வரவேண்டாம்."

செசிலி உட்கார்ந்து, போட்ட எண்ணை அழித்தாள்.

"மாத்திடறேன் சார். ஆனா கால்னு போட்டா, வலதா இடதான்னு கம்ப்யூட்டர் கேக்குது. எந்தக் கால் சார்?"

சார் யோசித்தார். ஒன்றைச் சொல்லி அது தப்பாகிவிட்டால் வம்பு.

"ரெண்டுன்னே போடு."

"போட்டுட்டேன் சார். இப்ப குறிப்போட நாலாம் பக்கத்தை என்ன செய்யறது?"

"அதுல என்ன?"

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி லாரி ஏறி, இவருக்கு ரெண்டு காலையும் இடுப்போட எடுத்துட்டாங்கன்னு டாக்டர் எழுதியிருக்கார்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் திடீரென்று அவரவர் திரையை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி சரி," என்றார் பெரிய மனசு பண்ணி. "கட்டு கல்லீரல்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும்."