கண் தெரியவில்லையா என்று கேட்டவன்

ரொம்பக் காலத்துக்கு முந்தி கொன்றை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை வீரகேது என்ற ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை, ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. பாயசம் ருசித்தது என்று சமையல்காரனைத் தளபதி ஆக்குவான். மறுநாள் போரில் பாயசம் எதற்கு என்று இறக்கிவிடுவான்.

அவனுக்கு உதைபந்து என்றால் உயிர். அரண்மனைக்கு ஓர் அணி வைத்திருந்தான். அந்த அணி ஏழு வருடமாகத் தோற்றதே இல்லை. ஏன் தோற்கும்? கொம்பு ஊதும் நடுவர் சிங்கண்ணர், அரசன் பக்கத்திலேயே உட்காரும் பிரபு. அமைச்சர் பெருநம்பியின் நாற்காலிமேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். அரசன் முகம் வாடினால் அவர் கொம்பு தானாக ஊதிவிடும்.

அரண்மனை அணியில் மழவன் என்று ஒரு ஆட்டக்காரன். கெட்டிக்காரன்தான், ஆனால் காற்றடித்தால் விழுவான். விழுந்து மூன்று தடவை உருளுவான். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, கொம்பு ஊதியாயிற்றா என்று பார்ப்பான்.

முதல் வருடம் ஜனங்கள் கத்தினார்கள். அடுத்த வருடம் ஏசினார்கள். அப்புறம் அதுவும் அலுத்துப்போய், பெருமூச்சு விட்டு எழுந்து போனார்கள். கீழாற்றூர் ஓடக்காரன் ஆவுடையானும் அப்படித்தான். அவன் ஊர் அணி வருடா வருடம் தோற்கும், அவன் வருடா வருடம் போவான்.

"வந்து ரெண்டு நாள் சாப்பிட மாட்டே. அப்புறம் ஏன் போறே?" என்பாள் பெண்டாட்டி.

"போகாம இருக்க முடியல" என்பான் அவன்.

அந்த வருடமும் இறுதி ஆட்டத்தில் அரண்மனையும் கீழாற்றூரும் மோதின. ஆளுக்கு ஒரு கோல். முடியப்போகும் நேரத்தில் கீழாற்றூர்க்காரன் ஒருவன் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே பாய்ந்து, பின்னால் இருந்த தண்ணீர்ப் பானையை உடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அரசன் காலெல்லாம் தண்ணீர்.

சிங்கண்ணர் கையை விரித்தார். "பந்து உள்ளே போகவில்லை."

அடுத்த நிமிடம், பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தில் மழவன் காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். கொம்பு ஊதியது. தண்டனை உதை. அரண்மனை ஜெயித்தது.

யாரும் கத்தவில்லை. அந்த அமைதியில் ஆவுடையான், கோபம்கூட இல்லாமல், சோர்ந்த குரலில் கேட்டான்: "ஐயா, உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

மைதானம் முழுக்கக் கேட்டுவிட்டது. காவலர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் சபையில் சிங்கண்ணர் கொதித்தார். "அரசே, இவன் என்னைக் குருடன் என்றான். நான் அரசரின் நடுவர். இவன் நாக்கை அறுக்க வேண்டும். அமைச்சர் இடம் கொடுப்பதால்தான் இந்த ஜனங்களுக்கு இவ்வளவு துணிச்சல்."

அரசனுக்கு அன்றைக்குச் சிடுசிடுப்பு. "பெருநம்பி, இவன் சொன்னது அவமானம் இல்லை என்று நிரூபியும். முடியாவிட்டால் இவன் நாக்கும் போகும், உமது முத்திரை மோதிரமும் போகும்."

பெருநம்பி மெதுவாக எழுந்தார். ஏழு வருடம் அவரும்தான் அந்த ஆட்டங்களைப் பார்த்திருந்தார். "சிங்கண்ணரே, பந்து உடைத்த பானைத் தண்ணீரில் அரசர் பாதமே நனைந்தது. பந்து உள்ளே போனதைப் பார்த்துவிட்டு இல்லை என்றீரா? அல்லது பார்க்கவே இல்லையா?"

சிங்கண்ணருக்கு வியர்த்தது. பார்த்தேன் என்றால் அரசர் முன்னால் பொய் சொன்னதாகும். "பார்க்கவில்லை. வெயில் கண்ணில் அடித்தது."

"அப்படியானால் அரசே, இவன் ஒரு கேள்வி கேட்டான். நடுவரே பதில் சொல்லிவிட்டார். இதில் அவமானம் எங்கே இருக்கிறது?"

அரசன் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கினான்.

"மழவன் கால் எப்படி இருக்கிறது?" என்று பெருநம்பி திரும்பினார்.

மழவன் நொண்டிக்கொண்டே வந்தான். "எலும்பு முறிந்துவிட்டது ஐயா. பலமாக உதைத்துவிட்டார்கள்."

"பாவம். வைத்தியரே, முறிந்த எலும்புக்கு என்ன செய்வீர்கள்?"

"மூங்கில் பத்தை வைத்துக் கட்டி நாற்பது நாள் படுக்கை. மூன்று வேளையும் வேப்பம்பட்டைக் கஷாயம்."

"இப்போதே கட்டுங்கள்."

மழவன் வைத்தியரின் கையிலிருந்த மூங்கிலைப் பார்த்தான். அவன் நொண்டல் நின்றுபோனது. "யாரும் தொடவில்லை ஐயா. விழுந்தால் கொம்பு ஊதுவார் என்று தெரியும், அதனால் விழுந்தேன்."

சபை சிரித்தது. பெருநம்பி சிரிக்கவில்லை. "ஏழு வருடம் ஜெயித்தீர்கள் அரசே. அதில் ஒரு நாளாவது ஜனங்கள் கை தட்டினார்களா?"

அரசன் சிங்கண்ணரின் கொம்பை வாங்கிப் பெருநம்பியிடம் கொடுத்தான். "சிங்கண்ணரே, இனி ஒரு வருடம் நீர் ஜனங்களோடு வெயிலில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்க வேண்டும். மழவா, நீயும் அவர் பக்கத்திலேயே உட்கார், ஆனால் குடை பிடிக்கக் கூடாது." ஆவுடையானைப் பார்த்தான். "உனக்கு என்ன வேண்டும்? பொன்னா, நிலமா?"

"அந்த ஆட்டத்தைத் திரும்ப ஆடணும் சாமி."

"உன் ஊர் தோற்றால்?"

"தோக்கட்டும். எங்க ஆளுங்களும் யோக்கியம் இல்ல, இடம் கிடைச்சா அவனுங்களும் விழுவானுங்க. ஊதுறவரு ரெண்டு பக்கமும் ஊதட்டும், அது போதும்."

அப்படியே ஆடினார்கள். பெருநம்பி இரண்டு பக்கமும் ஊதினார். பொய்யாக விழுந்த கீழாற்றூர்க்காரனை எழுப்பி வெளியே அனுப்பினார். கடைசியில் கீழாற்றூர் ஒரு கோலில் தோற்றது.

ஆவுடையானுக்குப் பக்கத்தில் இருந்தவன் வழக்கம்போல் எழுந்து ஏச வாயைத் திறந்தான். யாரை ஏசுவது என்று தெரியவில்லை. மெல்ல உட்கார்ந்துவிட்டான்.

ஆவுடையானுக்குத் தோற்ற வருத்தம்தான். இருந்தாலும், "நல்லா ஆடினானுங்க" என்று சொல்லிக் கை தட்ட ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவனும் தட்டினான். எதிர்ப்பக்கத்திலிருந்து அரண்மனை ஜனங்களும் தட்டினார்கள்.

அரசன் குனிந்து பெருநம்பியிடம் கேட்டான்: "இது யாருக்கு?"

"தெரியவில்லை அரசே" என்றார் பெருநம்பி. "நாமும் தட்டுவோம்."