இன்னும் ஒரு சுத்து

தூத்துக்குடியில் பாய்ப்படகு கட்டுகிற ஒரு கொட்டகையில் சோறாக்குகிறவள் கித்தேரி. கொட்டகை முதலாளி கஸ்பாருக்கோ எதிலாவது குறை கண்டுபிடிக்காமல் மத்தியானச் சோறு இறங்காது.

அன்றைக்கு மேஸ்திரி லயோலா, படகுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பாரத்தைப் பிடித்து நிற்கிற போல்ட்டுகளை அளவாக முறுக்கிவிட்டு ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"ஏன்வே நிறுத்திட்டீரு? எல்லாத்துக்கும் இன்னும் ஒரு சுத்து போடும்!" என்றார் முதலாளி.

"மரை போயிரும் முதலாளி. அப்புறம் போல்ட்டு பிடிக்காம சும்மா சுத்தும்."

"நான் சாப்பிட்டு வாறதுக்குள்ள போடணும். இல்லேன்னா நாளையிலயிருந்து ஒருத்தரும் வேலைக்கு வர வேண்டாம்."

கித்தேரி மேஸ்திரியின் பைப் ரெஞ்சை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

இலையில் சோறு விழுந்தது. பக்கத்தில் திருகுமூடி போட்ட குழம்பு டப்பா. முதலாளி திருகினார். மூடி வழுக்கி வழுக்கிச் சுற்றியதே தவிரத் திறக்கவில்லை.

"என்னட்டி செஞ்சு வச்சிருக்க?"

"நல்லாத்தான் மூடியிருந்தேன். நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு, இன்னும் ஒரு சுத்து போட்டேன்."

"ஒனக்கென்ன மரை கழண்டு போச்சா?"

"எனக்கில்ல முதலாளி, மூடிக்கு."

அவர் ஆத்திரத்தோடு டப்பாவை மடியில் சாய்த்து மூடியைப் பிடித்து இழுத்தார். வெள்ளை வேட்டி தொப்பலாக நனைந்தது.

"குழம்பு எங்கட்டி? வெறும் தண்ணில்லா வருது!"

"மரை போனா தண்ணிதான முதலாளி வரும்."

முதலாளி வேட்டியைப் பார்த்தார், படகைப் பார்த்தார்.

"லயோலா," என்றார், "ஸ்பானரைத் தொடாதீரும்."

அப்புறம்தான் கித்தேரி குழம்புச் சட்டியைத் திறந்தாள்.